மூத்தவர் வைத்த கூறு

— அய்யா கடைசியா என்ன சொன்னாருன்னு எனக்குச் சரியா ஞாபகம் இல்ல, பெரியண்ணே. என் பேரச் சொன்ன மாதிரி இருந்துச்சு. இப்ப யோசிச்சா தண்ணி கேட்ட மாதிரியும் இருக்கு. அவரு போனதுல இருந்து அதையே நெனச்சு நெனச்சு, எது அவரு சொன்னது, எது நான் சேத்துத் தச்சதுன்னு எனக்கே பிரிக்கத் தெரியல.

— அப்ப சாட்சி இல்ல. அதாவது ஹெலன், லாஜிக்கலா பாத்தா, அவரு உனக்குன்னு எதுவும் சொல்லிட்டுப் போகல.

— சொன்னாருன்னு நான் சொல்லவே இல்லையே. பொய் சொல்லணும்னா நல்லா நேரம் கெடச்சுச்சு, முப்பதாம் நாள் பூசைக்குள்ள அழகாத் தச்சு வச்சிருப்பேன். அவரு சொன்னத நான் கேக்கல. உன்னயத்தான் கேக்குறேன். சொத்த மூணு கூறா வையி.

— ரெண்டு.

— நீ, சின்னண்ணன், நான். மூணு பேரு இருக்கோம்.

— இந்தத் தங்கச்சிமடத்துல எந்த வீட்டுல பொம்பளப் புள்ளைக்குக் கூறு வச்சாங்க, காட்டு. உனக்குக் கல்யாணத்தப்பவே நக போட்டாச்சு.

— போட்டது கழுத்துல சூடு ஏறுறதுக்குள்ள எறங்கிருச்சு. எம்புருசன் வள்ளத்துக்கு எஞ்சின் வாங்குறேன்னு அத வாங்கிட்டுக் கொச்சிக்குப் போனான். அந்த எஞ்சினு இன்னும் வருது.

— அது உன் செலக்ஷன்.

— நீ பாத்து வச்ச மாப்பிள்ளைண்ணே. மறந்துட்டியா?

— ...

— சரி, பேசாட்டி இரு. இந்த வீட்டுல பேச்சு இல்லாம இருக்குறது எனக்குப் பழக்கந்தான். அய்யாவுக்கு வாய் குளறுனதுக்கப்புறம் நானும் சுவரும்தான் பேசிக்கிட்டோம். சுவரு பரவால்ல, லாஜிக்கலாப் பேசாது.

— பதில் இல்லாம இல்ல. உனக்குப் புரியிற மாதிரி எப்பிடிச் சொல்றதுன்னு யோசிச்சேன். நீ படிச்ச படிப்புக்கு எறங்கி வரணும்ல. இப்ப, ஷேர்னு ஒரு சொல் இருக்கு.

— ஆரம்பிச்சிட்டியா? லைட்டு போடட்டா? ஃபோன எங்கன நிறுத்தி வைக்க, அந்தப் பொடி டப்பா மேலயா?

— கிண்டல் பண்ணாத. லட்சக்கணக்குல பாக்குறான் என் சேனல.

— நானும் பாத்தேன். தினம் ஒரு சொல். கண்ணாடிய நெத்தியில ஏத்திக்கிட்டு, வணக்கம் நண்பர்களேன்னு. அய்யாவுக்குக் கஞ்சி குடுக்குறப்ப பக்கத்துல ஓட விடுவேன். மகன் சத்தம் கேட்டா ரெண்டு வாய் கூட எறங்கும்னு. எறங்காது. துப்பிருவாரு.

— நான் சொல்லி முடிக்கிறேன். ஷேர்னா பங்குன்னு நீங்கள்லாம் நெனச்சுக்கிட்டு இருக்கீங்க. அதோட வேர் என்ன தெரியுமா? வெட்டுறது. ஆட்டு ரோமத்தக் கத்திரிக்கிறதுக்கு ஷியர்னு சொல்வான், அதே குடும்பம். ஏர்ல மண்ணக் கீறிக்கிட்டுப் போற இரும்பு இருக்குல்ல, கொழு, அதுக்கும் ஷேர்னுதான் பேரு. ஷார்ட்டுன்னா வெட்டிக் குட்டையாக்குனது. ஆம்பள போடுற ஷர்ட்டும் பொம்பள கட்டுற ஸ்கர்ட்டும் அதே வேர்ல இருந்து வந்த ரெண்டு துணி.

— ஒரே துணியில வெட்டுனதா?

— ஒரே வேர்ல இருந்து.

— அப்ப அண்ணன் தங்கச்சின்னு சொல்லு. நீயே சொல்ற, நீயே ரெண்டுங்கிற.

— கடற்கரைக்குச் சொல்ற ஷோர் கூட அங்கன இருந்துதான் வந்திருக்கணும்னு ஆராய்ச்சி பண்ணவன் சொல்றான். நிலம் வெட்டுப்பட்டு நிக்கிற எடம். அதாவது, பங்குன்னா ஒரே தட்டுல சேந்து திங்கிறது இல்ல. அது பின்னால வந்த அர்த்தம். மூல அர்த்தம் வெட்டு. வெட்டுறப்ப பாசம் கீசம்னு குறுக்க வந்தா கத்தி கோணிரும்.

— கத்தியப் பிடிச்சவன் அப்பிடித்தான் சொல்வான். வெட்டுப்படுறது என்ன சொல்லுச்சுன்னு அந்த டிக்ஷனரியில போட்டிருக்கா?

— டிக்ஷனரியில அதெல்லாம் வராது.

— அதான பாத்தேன். நான் ராமேஸ்வரத்துக்கு ஷேர் ஆட்டோலதான் போறேன். ஆளு நெறஞ்ச பின்னாடியும் ஒருத்தி மீன் கூடையோட வந்து நிப்பா. எல்லாரும் மொணங்கிக்கிட்டே ஒரு பக்கமா ஒதுங்குவாங்க. யாரும் யாரையும் வெட்டல. நாத்தந்தான் தாங்காது.

— சொன்னேனே, அது பின்னால வந்த அர்த்தம்.

— எங்களுக்கெல்லாம் பின்னால வந்ததுதான் கெடைக்கும் போல. சரி, அய்யா சவப்பெட்டியில கெடந்த படத்தப் போட்டு, ஷேர் பண்ணுங்கன்னு எழுதுனியே. அது எந்த அர்த்தம்?

— துக்கத்தப் பகிர்ந்துக்கிறது. அதுவும் ஷேர்தான்.

— ரொம்ப நல்லாப் பகிர்ந்த. ஊருக்கெல்லாம் குடுத்துட்டு உனக்குன்னு ஒன்னும் மிச்சம் வச்சுக்கல. கல்லறையில சாமியார் செபம் சொல்றாரு, நீ ஃபோனத் தள்ளித் தள்ளி எத்தன பேரு பாத்தாங்கன்னு பாத்துக்கிட்டு நிக்கிற.

— மரியாதையாப் பேசு, ஹெலன்.

— மரியாதையாத்தான் அண்ணேன்னு கூப்புடுறேன்.

— இங்க பாரு. நான் உன்கிட்ட வாதாட வரல. முறைன்னு ஒன்னு இருக்கு. மூத்தவன் கூறு வைக்கணும். இளையவன் மொதல்ல எடுக்கணும். வச்சவனுக்குக் கடைசியில மிஞ்சுனது. இதுல ஏமாத்த எடமே இல்ல. நான் கோணலா வச்சா நல்ல கூறு அவன்கிட்டப் போயிரும், நட்டம் எனக்கு. அய்யா வள்ளத்துல மீனுக்கு இப்பிடித்தான் வைப்பாரு.

— மீனுக்கு வைக்கிறப்ப, கடலுக்குப் போன எல்லாத்துக்கும் வைப்பாரு.

— நீ போனியா கடலுக்கு?

— நீ போனியா? கரையில நின்னுக்கிட்டு வாந்தி எடுத்தவன் நீ ஒருத்தன்தான் இந்த ஊருல.

— பழைய கத வேணாம். ரெண்டு கூறு வச்சாச்சு. ஒன்னு, இந்த வீடு முழுசும், கூட வள்ளம், எஞ்சினு, நண்டு வலை எல்லாம். இன்னொன்னு குந்துகால் தோப்பு. வெறும் மணலும் கொஞ்சம் தென்னையும். தம்பி வினோத்து வீட்டத்தான் எடுப்பான். எவனா இருந்தாலும் எடுப்பான். எனக்கு மணலுதான் மிஞ்சும். இதுக்கு மேல ஒரு மூத்தவன் என்னத்த விட்டுக்குடுக்குறது?

— தோப்புல டேப்பு புடிச்சு அளந்துட்டுப் போனானே வெள்ளக் கார்ல வந்தவன், அவனும் விட்டுக்குடுக்கத்தான் வந்தானா?

— உனக்கு யாரு சொன்னா?

— தேங்கா பொறுக்கப் போயிருந்தேன். நான்தான் அவனுக்கு எளநி வெட்டிக் குடுத்தேன். ரெசார்ட்டு வருதாம். புதுப்பாலம் தெறந்ததுக்கப்புறம் மணலுக்கு மவுசு கூடிருச்சாம். திங்கக்கிழம சாரு கையெழுத்துப் போடுறாருன்னான். எந்தச் சாருன்னு கேட்டேன். மதுரையில இங்கிலீஷ் சாருன்னான். வேலக்காரின்னு நெனச்சிருப்பான், எல்லாத்தையும் சொல்லிட்டான்.

— சரி. தெரிஞ்சா தெரியட்டும். நான் மறைக்கல, நீங்க கேக்கல. முறையில தப்பு இருந்தாச் சொல்லு.

— வீடு சின்னண்ணனுக்குப் போனா நான்?

— அவன் உன்ன வெரட்டவா போறான்? பொண்டாட்டி இல்லாதவன். சோறாக்க அவனுக்கும் ஒரு ஆளு வேணும்ல.

— ஆளு.

— ஒரு சொல்லப் புடிச்சுக்கிட்டுத் தொங்காத.

— நீயா இதச் சொல்ற?

— ஹெலன், நான் மதுரைக்குப் போகணும், நேரம் இல்ல. எனக்கு எதுவும் வேண்டாம்னு ஒரு கையெழுத்து. அவ்வளவுதான் உன் வேல. போட மாட்டேன்னா கோர்ட்டுக்குப் போ. பொம்பளைக்கும் சமம்னு சட்டத்துல இருக்கு, போய் வாங்கிக்க. தீர்ப்பு வர்றப்ப உனக்குப் பல்லு இருக்காது. சட்டம் அங்கன இருக்கு. முறை இங்கன இருக்கு.

— அப்ப முறைப்படிதான் நடக்கணும்.

— இம்மி பிசகாம.

— வச்ச கூற அப்பறம் மாத்த மாட்டியே?

— அய்யா படம் இருக்கு. அதுக்கு முன்னாடியே சொல்றேன். மாத்த மாட்டேன்.

— யப்பா, என்ன சத்தம். ரோட்டுல வாரப்பவே முறை முறைன்னு கேக்குது. ஹெலனு, சோறு இருக்கா?

— வா சின்னண்ணே. கையக் கழுவு. பெரியண்ணன் உனக்குக் கூறு வச்சிட்டாரு.

— அது கெடக்கட்டும். கொழம்பு என்ன?

— வினோத்து, அப்பறம் சாப்புடலாம், உக்காரு. ஒன்னு வீடு, வள்ளம் எல்லாம் சேத்து. இன்னொன்னு தோப்பு. இளையவன் நீ. மொதல்ல எடு.

— இளையவனா? நடுவுல பொறந்தவண்ணே நான். எனக்குப் பின்னாடி ஒருத்தி இருக்கா. அவளுக்கு ஞானஸ்நானம் குடுத்தப்ப நீதான் மெழுகுதிரி புடிச்சுக்கிட்டு நின்ன. மதுரைக்குப் போயி மறந்துட்டியா?

— பொம்பளைக்குக் கூறு இல்லடா.

— அது கெடக்கட்டும். அவ எடுக்கட்டும் மொதல்ல. அப்பறம் நான். கடைசியில நீ. இப்பிடின்னாத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்.

— இவ உன்கிட்ட முன்னாடியே பேசி வச்சாளா?

— இவளா? என்கிட்ட வலைக்கு நூலு வாங்கணும்னா கூட பேச மாட்டா. எனக்கு என்னண்ணே நட்டம்? அவ எத எடுத்தாலும் இன்னொன்னு எனக்கு. பாசத்துல சொல்றேன்னு நெனச்சுக்காத. கணக்குல சொல்றேன்.

— டேய். அப்ப எனக்கு?

— வச்சவனுக்கு மிஞ்சுனது. ரோடு வரைக்கும் கேட்டுச்சே நீ சொன்னது.

— மூணு பேரு, ரெண்டு கூறு. எனக்கு என்னடா மிஞ்சும்?

— நாங்க ரெண்டு பேரும் உன் சேனல லைக் பண்றோம். சோத்தப் போடு ஹெலனு, பூனையும் வந்து நிக்கிது.

— இது என்ன நியாயம்? நான் மூத்த மகன். சட்டம்னு ஒன்னு இருக்கு. சட்டப்படி மூணு பேருக்கும் சமம். கூறு மூணா வைக்கணும். ஏன் அப்பிடிப் பாக்குற, ஹெலன்?

— இன்னொரு தடவ சொல்லு.

— மூணு. மூணு கூறு.

— எனக்கும் சேத்தா?

— உனக்கும் சேத்துத்தான்.

— சின்னண்ணே, கேட்டியா?

— கேட்டேன். சட்டம் மதுரையில இருந்து எம்புட்டு வெரசா வந்துருச்சு. பஸ்ஸுல கூட இம்புட்டு வெரசா வர முடியாது. சரி, வையிண்ணே. ஆனா முறை மாறாது. அவ, நான், அப்பறம் நீ.

— வைக்கிறேன். வாசல்ல இருந்து கெணறு வரைக்கும் முன்வீடு, அது ஒன்னு. பின்கட்டுல அய்யா கெடந்த ரூமு, அதோட வள்ளம், எஞ்சினு, வலை, அது ஒன்னு. தோப்பு ஒன்னு. அவசரம் இல்ல ஹெலன், நல்லா யோசி. முன்வீடுன்னா அடுப்படி, நீ படுக்குற எடம் எல்லாம் அதுலயே வந்துருது. யாரும் உன்ன எந்திரின்னு சொல்ல முடியாது. அண்ணனா நெனச்சுத்தான் இப்பிடி வச்சிருக்கேன்.

— எம்மேல எம்புட்டு அக்கற.

— பின்ன? நீ என் தங்கச்சி. என்ன இம்புட்டு யோசன?

— யோசிக்கல. உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தேன். தோப்பு.

— என்னது?

— குந்துகால் தோப்பு எனக்கு.

— பைத்தியமா உனக்கு? இவ்வளவு நேரமா வீட்டுக்காகத்தான அழுத?

— அழுதேனா? நான் ஒரு கூறு கேட்டேன். வீடுதான் கேக்குறான்னு நீயா வச்சுக்கிட்ட. எனக்கு என்ன வேணும்னு நீ எப்பக் கேட்ட? இந்த வீட்டுல அய்யாவுக்குப் பீ மூத்திரம் அள்ளுனதும் மோந்ததும் எனக்குப் போதும்.

— அந்த மணல்ல எங்கன தங்குவ?

— தங்க ஆளு வாரான்னுதான ரெசார்ட்டு கட்டுறான்.

— சின்னப்புள்ளத்தனமாப் பேசாத. திங்கக்கிழம அவன் வாரான், நான் வாக்குக் குடுத்துருக்கேன்.

— வரட்டும். எளநி வெட்டிக் குடுக்குறேன். இந்தத் தடவ காசு வாங்கிக்கிறேன். சின்னண்ணே, நீ சொல்லு.

— முன்வீடு.

— டேய் வினோத்து, வள்ளம் உனக்குத்தான்டா வச்சேன். தொழில் பண்றவன் நீ.

— எஞ்சினு செத்துப் பல நாளாச்சுண்ணே. அடிப்பலகை உளுத்துப்போயி தேன்கூடு மாதிரி இருக்கு. நான் அடுத்தவன் வள்ளத்துலல்ல போய்க்கிட்டு இருக்கேன். ஒரு தடவ வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

— ஹெலன். இங்க பாரு. நம்ம உக்காந்து நிதானமாப் பேசலாம்.

— பேசி முடிஞ்சிருச்சு. எனக்குத் தோப்பு. சின்னண்ணனுக்கு முன்வீடு. உனக்கு வள்ளமும் அய்யா கெடந்த ரூமும். அவரு படுத்திருந்த மெத்தை இன்னும் அங்கனதான் கெடக்கு. நாளைக்குத் தூக்கிட்டுப் போயி எரிக்கலாம்னு இருந்தேன். இனி அது உன் வேல.