ஐம்பது குத்து

— மெஷினை நிறுத்துங்க கன்னியம்மாக்கா. ஒரு நிமிஷம், நிறுத்துங்க.

— இன்னாத்துக்கு சார்? இந்தக் குட்டி ரோட்டு மேல சக்கரம் அதும்பாட்டுக்கு போய்க்கினு வந்துகினு கீது. எம்பதாயிரம் தபா ஓடிச்சு. இன்னும் இருவதாயிரம் ஓட்னா லட்சம். நாளிக்கு ஆபீசருங்க லேபுக்கு வர்றதுக்குள்ள முடிஞ்சுடும்.

— சக்கரம் ஓடின தடத்துல விழுந்த பள்ளத்தை அளந்தேன். ரெண்டு மில்லிமீட்டர் கூட இறங்கலை.

— அப்போ பாஸுதானே! மூஞ்சிய ஏன் இப்டி வெச்சிகினு கீற?

— எட்டு மில்லி வரைக்கும் இறங்கலாம்னு கணக்கு. என் டிசைன் அஞ்சு, ஆறுல நிக்கும்னு நினைச்சேன். பழைய ரோட்டையே பேத்து, அந்த ஜல்லியில சிமெண்ட் கலந்து போடற ரோடு இவ்ளோ நல்லா நிக்காதுக்கா. டிசைன் பண்ணவனே சொல்றேன்.

— ஊர்ல அவன் அவன் பெயிலாய்ட்டேன்னு அழுவான். நீ பாஸாய்ட்டேன்னு அழுவற.

— மறைக்காம சொல்லுங்க. இந்தக் குட்டி ரோட்டுக்கு அடியில, தொட்டியில மண்ணை நிரப்பினது நீங்கதானே? எப்படி நிரப்பினீங்க?

— நீ சொன்ன மாரிதான். முத்தாபுதுப்பேட்டை ஏரிக்கரை ரோட்டாண்டேர்ந்து மூட்டைல வந்த மண்ணு. நல்லா சலிச்சேன். வேரு, பாலிதீன் கவரு, ஓட்டாஞ்சில்லு, அல்லாத்தையும் பொறுக்கிப் போட்டேன்.

— பொறுக்கச் சொன்னேனா?

— குப்பையோட எவனாச்சும் ரோடு போடுவானா சார்?

— சரி. ஒரு அடுக்கு மண்ணுக்கு இடிகட்டையால எத்தனை குத்து? இருபத்தஞ்சுன்னு எழுதிக் குடுத்தேனே.

— கொஞ்சம் நல்லாவே இடிச்சேன் சார்.

— அக்கா.

— ஐம்பது.

— யா அல்லாஹ்!

— தோ பாரு முதஸ்ஸிர் சாரே, கோச்சிக்காத. அந்த ரோட்டாண்டதான் என் ஊடு. மழை வந்தா ஷேர் ஆட்டோ உள்ள வராது. போன கார்த்திகைல என் மருமவ நெறமாசம். முட்டிக்கால் தண்ணில மெயின் ரோடு வரைக்கும் நடத்திக்கினே இட்டாந்தேன். உன் டிசைன் பாஸானாதான் இந்த மழைக்கு முன்னாடி ரோடு போடுவாங்கன்னு நீதானே சொன்ன? அதான், எங்கயும் அமுங்கிறக் கூடாதுன்னு சாமிய நெனச்சிகினு இடிச்சேன்.

— இப்ப பாஸானது உங்க கைதான்க்கா, என் டிசைன் இல்ல. அங்க வந்து யாரு மண்ணு சலிப்பா?

— இப்போ இன்னா பண்லாம்ன்ற?

— எல்லாத்தையும் வெட்டி எடுத்துட்டு மறுபடி முதல்லேர்ந்து. பன்னெண்டு நாள் ஆகும். நாளைக்கு வர்றவங்ககிட்ட நானே சொல்லிடறேன், டெஸ்ட் தப்பா போச்சுன்னு.

— பைத்தியமா சார் நீ? ரெண்டு வருசமா சோறு தண்ணி இல்லாம இத்தையே கட்டிக்கினு அழுவற. நாளிக்கு கையெழுத்து. அவங்கோ வேற டிசைனப் பாத்துகினு பூட்டா?

— போகட்டும்.

— உன் பேரு கெட்டுடும்.

— நாளைக்கு ரோடு உக்காந்து, உங்க மருமக வண்டியிலேர்ந்து விழுந்தா? அப்ப இந்தப் பேரை வெச்சு என்ன பண்றது? கடப்பாரை எங்க?

— நவுரு சார். உனுக்கு அத்தப் புடிக்கவே தெரியாது, கால்ல போட்டுக்குவ. நானே வெட்றேன்.

— இந்தத் தடவை சலிக்கக் கூடாது. இருபத்தஞ்சு குத்துதான், சரிங்களா?

— அது பத்தாது சார்.

— மறுபடியும் ஐம்பதா?

— இல்ல, பத்து. ரோலர எட்டு தபா ஓட்டணும்னு நீ எழுதுவ, காண்ட்ராக்டரு மூணோட பூடுவான். ஆறு இஞ்ச் ஜல்லின்னு எழுதுவ, நாலுதான் வுழும். அத்தையும் உன் டிசைன் தாங்குதான்னு ஓட்டிப் பாரு.

— அவ்ளோ கம்மியாவா? உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?

— இப்போ பேந்து கெடக்குதே ஏரிக்கரை ரோடு, ஒம்போது வருசத்துக்கு முன்னாடி அத்துக்கு ஜல்லி கொட்டுன ஆளுங்கள்ல நானும் ஒருத்தி சார்.