நாலாம் நாள் காய்ச்சல்

எனக்குக் கை சீக்கிரம் வறண்டு போகும் ஐயா. இருபத்திரண்டு வருஷமா ஒரு நாளைக்கு அறுபது எழுபது தடவை கழுவின கை. உப்புத்தாள்னு வீட்டுக்காரர் கேலி பண்ணுவார். முதல்ல என் வேலையைச் சொல்லிடறேன், இல்லாட்டி விசாரிக்க வந்த உங்களுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.

ஆஸ்பத்திரியில ஒருத்தருக்குத் தொற்று வந்தா, அது எங்கேருந்து வந்ததுன்னு பிரிக்கணும். சேர்ந்து ரெண்டு நாளுக்குள்ள தெரிஞ்சா, வெளியிலேருந்து கொண்டுவந்தது. அதுக்கப்புறம் தெரிஞ்சா, எங்ககிட்ட வாங்கினது. அது அந்த வார்டு பொறுப்பாளர் தலையில விடியும். பிரிச்சு எழுதுற நோட்டு என்கிட்ட இருக்கு.

முன்னாடி அறுவை சிகிச்சை வார்டுக்கே நான்தான் பொறுப்பு. அங்க ஒரு நர்ஸ், நான் குட்டின்னு கூப்பிடுவேன். அவளுக்கு ஊசி பிடிக்கக் கத்துக்கொடுத்ததே நான். ரெண்டு வருஷம் என் டப்பாவிலதான் சாப்பிட்டா. ஒருநாள் நான் ஒருத்தருக்குப் புண் துடைச்சிட்டிருக்கேன், "அக்கா, ஓடி வாங்க"ன்னு கத்தினா. அவ பார்த்துக்கிட்டிருந்தவருக்கு மூச்சு நின்னுபோச்சு. அதே கையுறையோட ஓடினேன். ஆள் பிழைச்சுட்டார். மறுவாரம் பெரிய டாக்டர் என் முன்னாடி ஒரு தாளை வச்சார். நான் கையுறை மாத்தாம, கை கழுவாம அடுத்த நோயாளியைத் தொட்டேன்னு இருந்துச்சு. அடியில குட்டி கையெழுத்து. என் நாற்காலி அவளுக்குப் போச்சு, எனக்கு நோட்டு வந்துச்சு. வயிறு எரிஞ்சுது ஐயா. ஊட்டி வளர்த்த பிள்ளை முதுகுல குத்தினா வேற எப்படி இருக்கும்?

தினமும் அவ வார்டுல புண்களைப் பார்த்து எழுதணும். கடைசிக் கட்டில்ல ஒருத்தருக்குக் கால்ல சீழ். மத்தவங்களைப் பார்த்துட்டு அவரைக் கடைசியா பாக்கிறதுதான் முறை. நான் அவரை முதல்ல பாக்க ஆரம்பிச்சேன். குழாய் ரெண்டடி தூரத்திலதான் இருந்துச்சு, திறக்கல. கையுறையும் மாத்தல. வேற ஒண்ணும் செய்யல.

முதல்ல ஒரு தையல்காரருக்குப் புண்ணுல சீழ் வச்சுது, அப்புறம் ஒரு லாரி டிரைவருக்கு. ரெண்டு பேரும் தேறிட்டாங்க. ரெண்டையும் எங்ககிட்ட வாங்கினதுன்னு எழுதினேன். பெரிய டாக்டர் குட்டியைக் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்தார். கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு.

அந்த வாரமே அவ அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிஞ்சு, அதே வார்டுல ஆபரேஷன். என்னை மூத்தவளேன்னு கூப்பிடுற அம்மா. குட்டி என் கையைப் பிடிச்சுக்கிட்டா.

"வார்டுல என்னமோ சரியில்லக்கா. அம்மா புண்ணை நீங்க மட்டும் தொடுங்க. உங்க கையைத்தான் நம்புறேன்."

சரின்னேன். சொன்ன மாதிரியே நான் மட்டும்தான் தொட்டேன். தினமும், கடைசிக் கட்டிலைப் பார்த்துட்டு நேரா. பதினோராம் நாள் அம்மா போயிட்டாங்க. சாகும்போதும் என் விரலைத்தான் பிடிச்சிருந்தாங்க.

இப்போ நீங்க குட்டி கையெழுத்துப் போட்ட அந்தத் தாளோட பின்பக்கத்தைக் காட்டுறீங்க. "நான் பயந்துபோய்க் கூப்பிட்டதாலதான் அக்கா அப்படியே ஓடி வந்தாங்க. தண்டனை எனக்குத்தான் தரணும்"னு எழுதியிருக்கா. அன்னைக்கு என் மேஜையில அரைமணி நேரம் கிடந்த தாள். நான் திருப்பிப் பாக்கல. யாராவது திருப்பிக் காட்டியிருக்கலாம்.

ஆனா என் நோட்டைப் பாருங்க ஐயா, ஒரு வரி தப்பு இருக்காது. அம்மாவுக்கு நாலாம் நாள் காய்ச்சல். வெளியிலேருந்து வந்ததுன்னு மாத்தி எழுதியிருந்தா யாருக்குத் தெரியப்போகுது? எங்ககிட்ட வாங்கினதுன்னு என் கையாலேயே எழுதினேன். இதுக்கு மேல ஒருத்தி எப்படி நேர்மையா இருக்க முடியும்?