எல்லாருக்கும் ஒரே குழாய்

கம்ப்யூட்டர் மீது எனக்குத் தனி விரோதம் எதுவும் இல்லை. மனிதனையே நம்பாதவன் அதை மட்டும் ஏன் வெறுக்க வேண்டும்?

எங்களுடையது மெத்தைக் கடை. மகள்தான் அதற்கு இணையத்தில் ஒரு பக்கம் போட்டு, கடை பெயரிலேயே மின்னஞ்சலும் வைத்தாள். அவளுடைய சொந்தக் கடிதமும் அதிலிருந்துதான் போகும். ஒருநாள் எதுவும் வெளியே போகவில்லை. கடவுச்சொல்லை மாற்றிப் பார்த்தாள், எதையெதையோ திருகிப் பார்த்தாள். கடைசியில் சர்வரை வாடகைக்கு விடும் கம்பெனி ஆளைக் கூப்பிட்டாள்.

"உங்க மேல தப்பில்லக்கா. ஒரே சர்வர்ல நூத்துக்கணக்கான பேர் குடியிருக்கீங்க. அதுல வழுக்கைக்கு எண்ணெய் விக்கிற ஒருத்தன் ஊருக்கெல்லாம் குப்பை மெயிலா அனுப்பித் தள்ளிட்டான். மத்த மெயில் கம்பெனிக்காரங்க மொத்த சர்வரையும் ஒதுக்கி வச்சுட்டாங்க, இங்கேருந்து யார் அனுப்பினாலும் வாங்க மாட்டாங்க."

எல்லா மாடிக்கும் ஒரே கக்கூஸ் குழாய், ஒருவன் அடைத்தால் எல்லாருக்கும் அடைப்பு என்று எனக்குப் புரிந்தது. அந்த அடைப்பை அன்றே எடுத்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் மகளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் எழுத வேண்டுமாம். நான் சண்டை போடவில்லை. அவள் குளிக்கப் போனபோது 'மூட்டைப்பூச்சி அண்டாத மெத்தை' என்று எழுத்துக்கூட்டி ஒரு விளம்பரம் அடித்தேன். முன்பின் தெரியாதவர்களின் மின்னஞ்சல் விலாசங்களை மொத்தமாக விற்க ஆள் இருக்கிறான். உலகம் அந்த லட்சணத்தில் இருக்கிறது. அத்தனைக்கும் அனுப்பினேன். அடைத்துக்கொண்டது. அவள் எழுதிய சம்மதம் 'அனுப்பப்பட்டது' என்றுதான் காட்டியது. போகவில்லை.

கம்பெனி ஆள் கடைக்குப் போன் செய்தான். கடவுச்சொல்லை எவனோ திருடிவிட்டான் என்றேன். நம்பினான். இந்தத் தொழிலில் இருப்பவன் நம்பலாமா?

"பார்த்துக்குங்க ஐயா. ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடமும் இதே சர்வர்லதான் இருக்கு. அவங்க ரிப்போர்ட்டெல்லாம் நிக்குது. நாளைக்கு அடைப்பை எடுத்துடுவேன், தேங்கினதெல்லாம் தானா போயிடும்."

தேங்கியதில் மகளின் சம்மதமும் இருந்தது. அதனால் அவன் அடைப்பை எடுப்பதற்குள் அந்த விளம்பரத்தை மறுபடி அனுப்பினேன். வெள்ளி தாண்டியது. அவள் கடிதம் போய்ச் சேரவில்லை என்று வந்த தகவலை அழித்தேன்.

ஒரு கர்ப்பிணியின் அறிக்கையும் அந்த வரிசையில் நின்றதாம். டாக்டர் கைக்கு வரவேயில்லை. அவளும் இல்லை, வயிற்றுப் பிள்ளையும் இல்லை. அவசரமென்றால் ஆளை விட்டுக் கொடுத்தனுப்ப வேண்டியதுதானே. அவள் ரத்தத்தை நானா கெடுத்தேன்? ஆனாலும் நீங்கள் கேட்பதால் சொல்கிறேன்: இரண்டாம் முறை தெரிந்துதான் அனுப்பினேன்.

போலீஸிலிருந்து நீங்கள் விசாரிக்க வந்த பிறகுதான் மகளுக்கு விஷயம் தெரிந்தது. அவள் அழவில்லை.

"போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இருந்திருப்பேனேப்பா."

கேட்டால் மறுத்துவிடுவாளோ என்று நான் பயந்ததாக எழுதிவிடாதீர்கள். அவளை எவனும் ஏமாற்றிவிடக் கூடாது, அவ்வளவுதான். பெட்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். வந்துவிடுவாள். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்.