சோபாவின் இடது மூலை

அந்த இடது மூலையில் உட்காராதீர்கள் இன்ஸ்பெக்டர், இன்னும் ஈரம் காயவில்லை. வலது பக்கம் வாருங்கள். இந்த ஊர் செப்டம்பர் தூறலில் கைக்குட்டையே காய மாட்டேன் என்கிறது, சோபா எங்கே காயும்? காபி வரும். என் மகள் ஜூடித் அடுப்படியில்தான் இருக்கிறாள். புகார் கொடுத்தவளே காபியும் போடட்டும்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். முப்பத்தொரு வருஷம் ஹோம் சயன்ஸ் டீச்சராக இருந்தவள் நான். எந்தக் கறைக்கு எது, எந்த வாடைக்கு எது என்று ஆஸ்டின் டவுனில் பாதிப் பெண்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். மீதிப் பாதி பக்கத்து வீட்டு ஆஞ்சலா மாதிரி. வீடு நாறினால் ஊதுபத்தி கொளுத்துவாள், அதுவும் போதாவிட்டால் சென்ட் அடிப்பாள். குளிக்காத உடம்புக்குப் பவுடர் போடுகிற புத்தி அது. நாற்றத்தை மூடக் கூடாது. எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அங்கேயே ஒழித்துக்கட்ட வேண்டும். இது எட்டாம் வகுப்புப் பாடம்.

இந்த சோபா எங்களுக்குக் கல்யாணமான வருஷம் ஏலத்தில் எடுத்தது. தேக்குச் சட்டம், உள்ளே ஸ்பிரிங், அதன் மேல் தேங்காய் நார். முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு வாடை கிடையாது. என் கணவர் கிளெமென்ட் பொம்மசந்திராவில் ஒரு பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தார். ரிடையரான மறு வருஷமே பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு வரும், மெதுவாக வரும். அன்றிலிருந்து பகல் முழுக்க அந்த இடது மூலைதான். அங்கிருந்து ஜன்னல் வழியாக ரோடு தெரியும்.

ஈஸ்டருக்கு மறுநாள் அவர் ஒரு டம்ளர் பாலைக் கொட்டினார். நான் ஒரு பக்கெட் சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்து, இன்னொரு பக்கெட் நல்ல தண்ணீரில் அலசினேன். என் வேலையில் அரைகுறை கிடையாது. ஒரு வாரத்தில் வாடை ஆரம்பித்தது. சமையல் சோடா தூவி அலசினேன். வினிகர் கலந்து ஊற்றினேன். எலுமிச்சம்பழம் பிழிந்து ஊற்றினேன். ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் தேவலை என்றிருக்கும், மூன்றாம் நாள் முன்னைவிட மோசம். மெஷினோடு இரண்டு பேர் வந்து வீடு அதிர உறிஞ்சிவிட்டுப் போனார்கள். சத்தம்தான் பெரிதாக இருந்தது.

எனக்கே வெட்கமாகப் போயிற்று. வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்ததை நானே மறந்திருந்தேன். அந்த மூலையில் நாளெல்லாம் உட்காருவது யார்? நேராகக் கேட்டேன்.

"பாத்ரூம் போறதுக்குள்ள விட்டுட்டீங்களா?"

"நான் இல்ல, குளோரியா."

"பின்ன யாரு, பிஷப் வந்து உக்காந்துட்டுப் போனாரா?"

"லுங்கிய தொட்டுப் பாரேன். காஞ்சுதான் இருக்கு."

காய்ந்துதான் இருந்தது. அதனால் என்ன? தப்பு செய்தவன் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பானா? இது உங்களுக்குத் தெரியாததா. மனுஷன் தினமும் இதையே சொன்னார். நான் இல்ல, நான் இல்ல. எனக்கு அவர்மேல் வந்த அருவருப்பைவிட, அந்தப் பொய்மேல் வந்த அருவருப்புதான் அதிகம்.

சுத்தம் செய்கிற முறை எதற்கும் ஒன்றுதான். அலசல், சோடா, வினிகர், அப்புறம் வெயிலும் காற்றும். காலை எட்டு மணிக்கு அவரைப் பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டினேன். வெந்நீர் வாடையைக் கிளப்பிவிடும். சோடா தேய்த்து, வினிகர் தண்ணீர் ஊற்றி, பின்பக்க பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துக் கதவைத் தாழ் போட்டேன். மேலே பனியன் மட்டும். ஸ்வெட்டர் போட்டால் கம்பளி வாடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்த ஊர் ஜூலைக் குளிரிலா என்கிறீர்கள். வெயில் இல்லாவிட்டால் காற்று போதும். "குளுருது குளோரியா" என்பார். சோபா அப்படியெல்லாம் சொன்னதில்லை.

ஆஞ்சலாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏன் டீச்சர், இந்தக் குளிர்ல அண்ணன வெளியே உக்கார வெச்சிருக்கீங்க?" என்று அவள் பால்கனியிலிருந்து கேட்டாள். "காத்து வாங்குறாரு" என்றேன். அதற்கு மேல் அவளுக்கு விளக்கிப் பிரயோஜனமில்லை.

இப்படிப் பத்து நாள். பதினோராவது நாள் புதன்கிழமை. அவரை உட்கார வைத்துவிட்டு சிவாஜிநகருக்கு நவநாள் பூசைக்குப் போனேன். பூசை முடிந்து வெளியே வரும்போது மழை பிடித்துக்கொண்டது. கோயிலுக்குள் இருந்தேன், மழை தெரியவில்லை என்று சொன்னால் நீங்களும் அப்படியே எழுதிக்கொண்டு போவீர்கள். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. தெரியும். மார்க்கெட் ஓரம் ஒரு கடையில் ஒதுங்கி நின்றேன். நிற்கிற நேரத்தில் இரண்டு பாட்டில் வினிகர் வாங்கினேன்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்று. பால்கனிக் கதவைக் கைத்தடியால் தட்டிக்கொண்டிருந்தார். மழைத் தண்ணீர் மென்னீர், அழுக்கை நன்றாக இழுக்கும். இதுவும் பாடத்தில் இருக்கிறது. நான் சாப்பிட்டேன். பாத்திரம் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். மூன்று மணிக்குக் கதவைத் திறந்தேன். அதற்குள் தட்டுவது நின்றிருந்தது.

உயிர் இருந்தது. உதடு நீலமாகியிருந்தது. அந்த நிலையிலும் "நான் இல்ல" என்றார். அதே பல்லவி. அன்று சாயங்காலமே ஜுரம் வந்தது, மறுநாள் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. டாக்டரைக் கூப்பிடவில்லை. வந்தால் இந்த ஹாலில்தான் உட்காருவார். இந்த நாற்றத்தில் ஒரு படித்த மனுஷரை எப்படி உட்காரச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டாம் பூசைக்கு மணி அடிக்கும்போது கிளெமென்ட் போய்விட்டார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் சோபாவை சிவாஜிநகருக்கு, சோபா கட்டுகிற ஷபீரிடம் அனுப்பினேன். நானும் பின்னாலேயே போனேன். சாவுக்கு வெளியூரிலிருந்து வந்து தங்கியிருந்த ஜூடித்தும் கூட வந்தாள். ஷபீர் அடித்துணியைக் கிழித்து ஒரு கை நாரை அள்ளிக் காட்டினான். கறுத்து, சொதசொத என்று இருந்தது.

"அம்மா, இது ஒண்ணுக்கு நாத்தம் இல்லம்மா. நார் அழுகிப்போச்சு. எத்தனை பக்கெட் தண்ணி ஊத்துனீங்க? நார் சோபாவுல தண்ணியே படக்கூடாது."

"எவ்வளவு நாளா இப்படி?" என்று ஜூடித் கேட்டாள்.

"நாலஞ்சு மாசம் இருக்கும்."

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. பெற்ற தாயை யாரும் அப்படிப் பார்க்கக் கூடாது. நாலு ஆணி அடிக்கத் தெரிந்தவனுக்கு வாடையைப் பற்றி என்ன தெரியும்? அவன் பேச்சை நம்பி, ஆஞ்சலாவிடம் பால்கனிக் கதையையும் கேட்டுக்கொண்டு, நேற்று உங்களிடம் வந்து நின்றிருக்கிறாள்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். பதினோரு நாள் அவரை நனைத்து வெளியே உட்கார வைத்தது நான். மழை தெரிந்தும் கதவைத் திறக்காதது நான். டாக்டரைக் கூப்பிடாததும் நான்தான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் சோபாவைக் கெடுத்தது நான் என்று மட்டும் எழுதாதீர்கள், அதற்கு ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நீங்களே பாருங்கள். இது இப்போது புது நார், புதுத் துணி. வந்து மூன்று வாரம் ஆகிறது. "தண்ணி மட்டும் காட்டாதீங்கம்மா" என்று ஷபீர் வாசல்வரை சொல்லிக்கொண்டே வந்தான். வந்த அன்றே முன்ஜாக்கிரதையாக ஒரு பக்கெட் வினிகர் தண்ணீர் ஊற்றி அலசினேன், நேற்றும் அலசினேன். அப்படியும் நாலு நாளாக அதே வாடை வருகிறது. அந்த மூலையில் இப்போது ஜூடித்தான் உட்காருகிறாள்.