நான்காம் குடைவின் தண்ணீர்

நான் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசிப் பழகாதவன். நடுவில் எழுந்து நடந்தால் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முப்பது வருடம் மலையில் நடந்த கால்கள். நாற்காலியில் வைத்தால் தானாகவே ஆட ஆரம்பித்துவிடும். அந்த ஜன்னலையும் கொஞ்சம் திறந்துவிட்டால் நல்லது.

மேசைமேல் இருக்கும் ஆறு குறிப்பேடுகளும் என்னுடையவைதான். கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. பதினைந்து வருடம் ஆவணக் கிடங்கில் யாரும் புரட்டாமல் கிடந்தவை. வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் பழைய விவரம் தேடி வந்தபோது யாரோ ஒருவர் கடைசிப் பக்கம்வரை படித்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்.

நீங்கள் தண்ணீரைப் பற்றிக் கேட்கிறீர்கள். மலையைப் பற்றிச் சொல்லாமல் தண்ணீரைப் பற்றி மட்டும் சொன்னால் புரியாது.

கோர்கோஷுன் என்று அந்த ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் எங்களைப் போன்ற புவியியலாளர்கள் அல்ல. ஆயிரம் வருடத்துக்கு முன் அங்கே வெள்ளி உருக்கியவர்கள், எங்கள் மொழியில் ஈயம் என்று ஊருக்கே பெயர் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் கொட்டிய கசடு இன்றும் ஓடைக்கரையில் கறுப்பாகக் கிடக்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில் முதல் ஆய்வுக்குழு வந்து, சரிவில் உதிர்ந்த கற்களில் ஈயத்தாது மின்னுவதைக் குறித்துக்கொண்டது. பிறகு போர் வந்தது. ஐம்பத்திரண்டில் வந்தவர்கள் மலைக்குள் மூன்று குடைவுகள் தோண்டினார்கள். மூன்றிலும் தாது முப்பது அடி போய், கத்தியால் நறுக்கியது போல் நின்றுவிட்டது. சில்லறைத் தாது, மேற்கொண்டு தேடத் தகுதியில்லை என்று எழுதி மூடிவிட்டுப் போனார்கள்.

அறுபத்தெட்டில் நான் போனேன். அது என் சொந்த ஊர். என் தம்பி மாம்பெத் அங்கேதான் ஆட்டு மந்தை பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று குடைவிலும் தாது முடிகிற இடத்தில் கையை வைத்துப் பார்த்தேன். அது தீர்ந்து போயிருக்கவில்லை, வெட்டுப்பட்டிருந்தது. ஒரு பெரிய பிளவு மலையை இரண்டாக்கி ஒரு பாதியைக் கீழே இறக்கியிருந்தது. அப்படியென்றால் மிச்சத் தாது எங்கேயோ ஆழத்தில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேட்டை நாய் வாசனை பிடித்தபிறகு படுக்காது, பார்த்திருப்பீர்கள். என் மனைவி ஆயிம்கான் விருந்தாளிகளிடம் சொல்வாள், "உடம்புதான் இங்க இருக்கு. ஆளு மலைக்குள்ள எங்கயோ சுத்திக்கிட்டிருக்காரு" என்று.

மேலிருந்து ஆழத் துளை போட்டுத் தேடினேன்; எழுபதில், பதினேழாவது துளையில் அது கிடைத்தது. சுண்ணாம்புப் பாறையும் கருங்கல்லும் முட்டிக்கொள்ளும் இடத்தில் பதினொரு மீட்டர் கனத்துக்கு ஈயம், துத்தநாகம், செம்பு, வெள்ளி. கூடவே தகரம் போல் வெளுத்த இன்னொரு கனிமம். சுத்தியலால் தட்டினால் பூண்டு வாடை அடிக்கும். ஆர்செனிக். ஊரில் பாஷாணம் என்பார்கள். இந்த மாதிரித் தாதுவில் அது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அந்தத் தாதுவைத் தொட மறு வருடம் நான்காம் குடைவைத் தொடங்கினோம். பிளவை வெட்டியபோது தண்ணீர் பீறிட்டது. ஆட்கள் கருவிகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். வேகம் அடங்கிய பிறகு அது குடைவின் வாயிலில் ஒரு சிறு ஓடையாக ஓடத் தொடங்கியது. அடுத்த மாதம் ஊர் ஊற்று வறண்டது. மலைக்குள் அந்த ஊற்றின் நரம்பை நாங்கள் அறுத்திருந்தோம். ஊர்க்காரர்கள் கோபிக்கவில்லை. ஊற்று ஆகஸ்டில் எப்போதும் இளைக்கும். குடைவுத் தண்ணீர் இளைக்கவே இல்லை. பளிங்கு போல் இருந்தது, பல் கூசும் குளிர்ச்சி. நானே குழாய் போட்டு ஊர் நடுவில் இறக்கிக் கொடுத்தேன். ஆடு வெட்டினார்கள். மரியாதைக்காகத் தலையை எனக்கு வைத்தார்கள்.

அப்போது எனக்குத் தெரியாது. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

தெரிந்தது எழுபத்து மூன்று மே மாதம். எங்கள் ஆய்வுக்கூடத்தில் புருல்ச்சா அக்கா என்று ஒருவர் இருந்தார். என்னைவிட ஐந்து வயது மூத்தவர், கணவரை இழந்தவர், வாய் கொஞ்சம் நீளம். மாதாமாதம் தாது மாதிரிகளைச் சோதிப்பவர், அன்று ஏதோ தோன்றிக் குழாய்த் தண்ணீரையும் சோதித்திருக்கிறார். தாளை எடுத்துக்கொண்டு என் கூடாரத்துக்கே வந்துவிட்டார்.

"தம்பி, குழாய்த் தண்ணில பாஷாணம் இருக்கு. இருக்கலாம்னு விதிச்ச அளவப் போல பதினெட்டு மடங்கு. மூணு தரம் பாத்துட்டேன். கெழவிக்குக் கண்ணு தெரியலன்னு மட்டும் சொல்லிடாத."

தாளைப் பார்த்ததுமே அவர் சொல்வது சரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தாதுவைத் தொட்டு வருகிற தண்ணீர் வழக்கமாகப் புளித்து, துருவேறி, தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். இங்கே சுண்ணாம்புப் பாறை புளிப்பை எடுத்துவிடுகிறது. ஆர்செனிக்கை எடுப்பதில்லை. நிறமும் இல்லை, ருசியும் இல்லை. அழகான வேதியியல்.

அவரிடம் மெதுவாகத்தான் பேசினேன். "புட்டி சரியாக் கழுவாம இருந்திருக்கும் அக்கா. நானே புது மாதிரி எடுத்துட்டு வரேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்க, ஊரு பதறிடும்."

நிலைமையை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். தாது இருப்பை ஒப்புக்கொள்ளும் குழு எழுபத்தைந்தில் கூடுகிறது. தண்ணீர் விஷயம் வெளியே போனால் சுகாதார அலுவலகம் குடைவை அடைக்கச் சொல்லும். அடைத்தால் அளவுகள் முடியாது. முடியாவிட்டால் மறுபடியும் கோர்கோஷுனை மூடிவிட்டுப் போவார்கள். இனி ஒருவரும் திரும்பி வரமாட்டார்கள். சுரங்கம் வந்தால் அந்த ஊருக்குப் பள்ளிக்கூடம், மருத்துவமனை, சாலை எல்லாம் வரும். இரண்டு வருடம் பொறுத்தால் போதும். வேறு வழி இல்லை.

மறுநாள் குதிரையில் மேல் ஊற்றுக்குப் போனேன். ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டர், பிளவுக்கு மேலே, தாதுவோடு தொடர்பில்லாத ஊற்று. புட்டியை மூன்று முறை அலசி, நிரப்பி, குழாய்த் தண்ணீர் என்று சீட்டு ஒட்டினேன்.

புருல்ச்சா அக்கா சோதித்துவிட்டு நீண்ட நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பதினேழு வருடத்தில் இப்படி ஒரு தவறு செய்ததில்லை, ஊரையே கலங்கடித்திருப்பேனே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு ஒரு கிண்ணம் குழாய்த் தண்ணீரை எடுத்து மடக்கென்று குடித்தார். "இனிமே நீயே எடுத்துட்டு வா தம்பி. உன் கைதான் சுத்தம்."

அப்படித்தான் அது என் வேலையாயிற்று. மாதத்துக்கு ஒரு முறை. நான் இரண்டு புட்டி எடுத்தேன். மேல் ஊற்றின் புட்டி அவருக்கு. குழாயின் புட்டியை வேறு எண் போட்டு, பாறைத் தண்ணீர் என்று தலைநகர ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, உண்மையான அளவை வாங்கிக் குறிப்பேட்டில் எழுதினேன். என் குறிப்பேட்டில் நான் ஒருபோதும் பொய் எழுதியதில்லை. பதினொரு வருட அளவுகள். ஒரு மாதம்கூட விடுபடவில்லை. பனிப்புயலிலும் போயிருக்கிறேன். குதிரைக்குக் கால் வழுக்கி ஒருமுறை தோள்பட்டை இறங்கிவிட்டது. அந்த மாதமும் இருக்கிறது, பாருங்கள்.

மன்னியுங்கள், மறுபடியும் எழுந்துவிட்டேன்.

என் வீட்டுக்கு மேல் ஊற்றுத் தண்ணீரைப் பீப்பாயில் கொண்டுவந்தேன். ஆயிம்கானிடம் அவளுடைய சிறுநீரகக் கல்லுக்கு நல்லது என்றேன். அவள் இரக்கமுள்ளவள். மாம்பெத்தின் குழந்தைகளுக்கும் இரண்டு வாளி கொடுத்தனுப்பலாமே, அதுகளுக்கு இந்தத் தண்ணீர் பிடித்திருக்கிறது என்று கேட்டாள். நான் யோசித்துப் பார்த்தேன். சொந்தக்காரன் என்பதற்காக ஒரு குடும்பத்துக்கு மட்டும் சலுகை காட்டுவது முறையல்ல. மற்றவர்களுக்கும் குழந்தைகள் இருந்தன. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எழுபத்தைந்தில் குழு ஒப்புக்கொண்டது. என் பிளவை வரைபடத்தில் தடித்த சிவப்புக் கோடாகப் போட்டார்கள். நான் குழாயை அப்போதே அடைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அடைத்தால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால், இரண்டு வருடமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். மேலும் கீழ் மட்டத்துத் தாதுவின் அளவுகள் மிச்சம் இருந்தன.

ஊர்க்காரர்களுக்கு உள்ளங்கையில் தோல் தடிக்க ஆரம்பித்தது எழுபத்தாறு வாக்கில். மார்பிலும் முதுகிலும் மழைத்துளி விழுந்த புழுதி போல் புள்ளிகள். மேய்ப்பர்கள் கயிறு இழுக்கும் கை என்றார்கள், வெயில் என்றார்கள். கர்ப்பங்கள் தங்கவில்லை. அதையும் குறித்து வைத்தேன். அப்படிப்பட்ட விவரம் ஒருமுறை நழுவினால் திரும்பக் கிடைக்காது.

எழுபத்தெட்டு வசந்தத்தில் மாம்பெத் வீட்டுக்கு வந்தான். அவன் பெரிய விளையாட்டுக்காரன். கையைக் காட்டி, "அண்ணே, இதப் பாரு, ஒட்டகத்துப் பாதம் மாதிரி ஆயிடுச்சு. பொண்டாட்டி கன்னத்துல கை வச்சா கத்துறா" என்றான். சிரித்துவிட்டு, தன் மகள் ஜிபெக்கைப் பற்றிச் சொன்னான். எட்டு வயது. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்குகிறது, உதடு நீலமாகிறது. பிறகு சிரிப்பை நிறுத்தினான்.

"அண்ணே, நீ படிச்சவன். உன்கிட்ட மட்டும்தான் கேக்கறேன். தண்ணில ஏதாவது இருக்கா?"

அவனை அழைத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். பெண்கள் வாளியோடு நின்றிருந்தார்கள். ஒரு கிண்ணம் வாங்கி, நிரப்பி, எல்லாரும் பார்க்கக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். ஒரு கிண்ணம் ஒன்றும் செய்யாது; கணக்குப் போட்டுப் பார்த்திருந்தேன். மாம்பெத் என் தோளில் கை போட்டான். "மன்னிச்சிடு அண்ணே. ஜனங்க வாய்க்கு வந்ததப் பேசறாங்க. நானும் கேட்டுட்டேன்" என்றான். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவன் குதிரைப்பால் கொடுத்தான். நல்ல பால்.

ஜிபெக் மறு வருடம் போய்விட்டாள். இதயம் என்றார் மருத்துவர். ஒன்பது வயதுக் குழந்தைக்கு அப்படி வருவது அபூர்வம் என்று அவரே ஆச்சரியப்பட்டார். சவப்பெட்டி வைக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. கம்பளத்தில் சுற்றி நானும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு போனேன். கனமே இல்லை.

புருல்ச்சா அக்காவைச் சொல்ல வேண்டும். எண்பத்தொன்றில் நகர மருத்துவமனையில் இருந்தார். சிறுநீர்ப்பையில் புற்று. பார்க்கப் போனேன். போர்வைமேல் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

"தம்பி, அந்த மொத மாதிரி. நான் சரியாத்தான பாத்தேன்?"

அறையில் நாங்கள் இருவர் மட்டும். அவர் இன்னும் ஒரு வாரம் இருப்பார் என்று வெளியே சொல்லியிருந்தார்கள். எழுந்து யாரிடமும் போய்ச் சொல்லும் நிலையில் அவர் இல்லை. நான் உண்மையைச் சொல்லியிருந்தாலும் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

"இல்ல அக்கா. தப்பாத்தான் பாத்தீங்க."

சாகப் போகிறவருக்குக் கவலை கொடுக்கக் கூடாது என்று நினைத்தேன். அவர் தலையை ஆட்டி, கைகளைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு என்னிடம் பேசவில்லை. அசதியாக இருந்திருக்கும்.

எண்பத்து நான்கில் கோர்கோஷுனை மூடினார்கள். காரணம் தெரியுமா? தாதுவில் ஆர்செனிக் அதிகமாம். எந்த உருக்காலையும் வாங்காதாம். அந்தக் கடிதத்தை நான் ஏழெட்டு முறை படித்திருப்பேன். என்னால் அதை இன்றுவரை ஏற்க முடியவில்லை. ஆர்செனிக்கைப் பிரிக்கும் வழிகள் இருக்கின்றன. வந்திருக்கும் கம்பெனியும் அதைத்தான் சொல்கிறதாம். ஆய்வுக்கூடத்தையும் எடுத்துவிட்டார்கள். தண்ணீரைச் சோதிக்க ஆளில்லாததால் என் வேலையும் முடிந்தது. நாங்கள் நகரத்துக்கு வந்தோம். புறப்பட்ட அன்று குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு பதினைந்து வருடமும் அது ஓடியதற்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும் என்பது எனக்கு விளங்கவில்லை. நான் அங்கே இல்லவே இல்லை.

தூக்கம் வருகிறதா என்று கேட்டீர்கள். வருவதில்லை, எனக்கு எப்போதுமே வந்ததில்லை. பிளவுக்கு அந்தப் பக்கம் தாது இன்னும் கீழே இறங்குகிறதா, இல்லை வடக்கே திரும்புகிறதா என்று தெரியாமலே போய்விடுமோ என்றுதான் நடந்துகொண்டே இருக்கிறேன். அவர்கள் துளை போடும்போது ஒரு முறை என்னைக் கூட்டிப்போவார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள். கைவிலங்கோடு வேண்டுமானாலும் வருகிறேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? எல்லாம் உண்மை. குழாய் போட்டது நான், புட்டியை மாற்றியது நான், கிண்ணத்தைக் குடித்துக் காட்டியதும் நான்.

மாம்பெத் வெளியே தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கிறானா? கையில் கட்டோடு இருப்பவன்தானே? வரும்போது பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்கிறீர்கள். சொல்லுங்கள். என் வீட்டு மேசை இழுப்பறையில் ஒரு வரைபடம் இருக்கிறது, ஆயிம்கான் எடுத்துக் கொடுப்பாள். மேல் ஊற்றிலிருந்து ஊருக்குக் குழாய் கொண்டுவரும் வழி. எழுபத்து மூன்று ஜூன் மாதமே நான் நடந்து அளந்து வரைந்தது. சரிவு நன்றாக இருக்கிறது, பம்புகூட வேண்டாம். எங்கள் கிடங்கில் குழாய்களும் அப்போது போதுமான அளவு இருந்தன. இருபது நாள் வேலை.