அப்பாவின் பல்லும் இரண்டு கம்பிகளும்

— கையை எடு. அழுத்தற மிஷின்ல விரலைக் குடுத்துட்டு அப்புறம் எங்கப்பாவுக்கு எந்தக் கையால கும்பிடு போடுவே?

— நான் எதுக்குப் போடணும்? என் டைட்டானியம் ஜெயிச்சா நம்ம கல்யாணப் பேச்சை நீதான் அவர்கிட்ட எடுக்கணும். பேச்சு மாறாதே தாயே.

— மாற மாட்டேன். என் கோபால்ட் குரோம் ஜெயிச்சா நீ சொல்லணும். ஜெயிக்கிற உலோகத்துலதான் அப்பாவோட பல்செட்டுக்குச் சட்டம் வார்க்கிறோம்.

— ரெண்டு கம்பியும் ஒரே தடிமன்தானே?

— நீயேதான் மூணு தடவை அளந்தே. முதல்ல என்னது, நடுவுல அழுத்து. கம்மி கிலோவுல வளையறது தோத்துது.

— நாப்பது கிலோ. அசையல. அம்பது. அசையவே இல்லையே. அப்படியே உங்கப்பா.

— அம்பத்தஞ்சுல லேசா வளையுது பாரு. போதும், குறிச்சுக்கோ. இப்போ உன்னது.

— இருபது. முப்பது. சமர்த்து, என் மானத்தைக் காப்பாத்து. முப்பத்தஞ்சு.

— முப்பத்தெட்டு. வளைஞ்சாச்சு சாமி.

— வளையல. பணிவா நிக்குது. எடையும் கம்மி தெரியுமா? வாய்ல இருக்கிறதே தெரியாது.

— நாம எடை பாக்கல. எதுக்கு மழுப்பறே?

— போன மாசம் சீட்டுல எழுத அவர் பேரைக் கேக்கப் போய் என் பேரைச் சொல்லிட்டு வந்தவன் நான். அவர் முன்னாடி நாக்கே எழும்பாது.

— அதான் நேத்து அவர் டாக்டர்கிட்ட வந்ததும் லேப்ல சூளைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டியா?

— சரி, விடு. தோத்தது தோத்ததுதான். சாயங்காலம் வீட்டுக்கு வரேன். உளறினாலும் சொல்லிடறேன். எப்படி ஆரம்பிக்கட்டும்?

— ஆரம்பிக்க வேண்டாம். நேத்தே நான் சொல்லியாச்சு.

— என்னது?

— பல் அச்சு எடுத்தப்போ. வாய் நிறைய அச்சு மாவு. இறுகற வரைக்கும் பேசக் கூடாதுன்னுட்டு டாக்டர் போயிட்டார். அச்சுத் தட்டை அவர் வாய்ல பிடிச்சுக்கிட்டு நான் நின்னேன். மூணு நிமிஷம் கிடைச்சுது, உன் ஜாதகத்தையே கொட்டிட்டேன். முறைக்கத்தான் முடிஞ்சுது அவரால.

— அடிப்பாவி. அப்புறம் எதுக்கு இந்தப் பந்தயம்?

— தோத்தா நீ வருவியான்னு பாக்கணும்ல.

— அவர் என்ன சொன்னார்? சொல்லித் தொலையேன்.

— வாயைக் கொப்பளிச்சதும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். கல்யாணத்துக்குள்ள பல்லு ரெடியாயிடுமான்னு.