அட்டையில் போட்டிருந்த வருஷம்

டிசம்பர் மூன்றாம் வாரம், செவ்வாய்க்கிழமை காலை. கொல்கத்தா மெட்ரோவில் என் எதிரே இரண்டு தமிழ்ப் பெண்கள். இந்த வருஷம் பிறந்தபோது சர்ச்சில் புத்தாண்டு ஆராதனையில் கொடுத்த, பைபிள் வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை இளையவள் கையில் இருந்தது.

"எக்கா, இது இன்னும் ரெண்டு வாரத்துல காலாவதியாயிரும்."

"வசனம் என்ன மாத்திரையாட்டி, காலாவதியாக?"

"கூட இங்க வேலைக்கு வந்தவங்க எல்லாருக்கும் ஊருக்கு மாறுதல் வந்துட்டு. எங்க வீட்டுக்காரருக்கு மட்டுந்தான் வரல. அங்க அம்மா தனியா படுக்கையில கெடக்கா. ஊருல கொண்டுபோய்ச் சேர்ப்பேன்னுதான இதுல இருக்கு?"

"இருக்கு. எந்த வருஷம்னு இருக்கா?"

"மேல பெரிசா அச்சடிச்சிருக்கே."

"அது பிரஸ்காரன் போட்டது. வசனத்துல ஏது தேதி?"

"அப்ப அடுத்த வருஷமும் ஆகலாமா? அம்மா அதுவரை இருக்கணுமேக்கா."

ரவீந்திர சரோவர் ஸ்டேஷனில் நான் இறங்கும்போது பார்த்தேன். இளையவளின் கட்டைவிரல் வருஷத்தை மறைத்திருந்தது. உதடுகள் வசனத்தை மறுபடி வாசித்துக்கொண்டிருந்தன.